என் மாமாவும் 70,000 முகங்களும்

கூடப் படிப்பவர்கள் சிலருக்கு என் மாமாவைத் தெரிந்திருக்கும். ஐ.டி. கார்டுக்கு பாஸ்போர்ட் சைஸ் எடுக்க நீங்கள் போய் நின்ற கள்ளக்குறிச்சி ஸ்டுடியோக்களில் ஒன்று அவருடையதாக இருக்கலாம். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, தோளை நேரா வைங்க" என்பார். நீங்கள் மூச்சை இழுத்துப் பிடிப்பதற்குள் எடுத்து முடித்திருப்பார். "என் பேரைப் போட்டுத் தொலைக்காத பாப்பா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் மாமா என்றே வைத்துக்கொள்வோம். உங்களுக்கும் மாமாவாக இருந்துவிட்டுப் போகட்டும், ஒன்றும் குறைந்துவிட மாட்டார் :-)

இப்போதெல்லாம் மாமா படம் எடுப்பதைவிட வரைவதுதான் அதிகம். காகிதத்தில் இல்லை, கம்ப்யூட்டரில். மேஜைமேல் கருப்பு ஸ்லேட்டு மாதிரி ஒரு பென் டேப்லெட். அதன்மேல் பேனா போகும், ஆனால் கோடு விழுவது எதிரே இருக்கும் மானிட்டரில். கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். கடைக்கு வருகிறவர்கள் கொஞ்ச நேரம் விநோதமாகப் பார்ப்பார்கள். என் வகுப்புத் தோழன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு, "அப்ப உங்க மாமா போட்டோகிராபரா, ஆர்ட்டிஸ்டா? போட்டோன்னா நிஜம், இது டூப்புதானே?" என்று கேட்டான். டீ ஆறுவதற்குள் சொல்லக்கூடிய பதிலாக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. போட்டோவில் கை வைக்காத காலம் என்று எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. 1857-லேயே இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் என்பவர் 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டிருக்கிறார். விக்டோரியா மகாராணியே அதில் ஒரு பிரதி வாங்கினார். அவ்வளவு தூரம் போவானேன்? நமக்குப் பக்கத்தில், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களை, சுமார் 1880-லிருந்து 1980 வரையிலானவற்றை, தேடிப்பிடித்து ஸ்கேன் செய்து சேமித்தார்கள். பிரிட்டிஷ் லைப்ரரியின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டம் இதற்குத் துணை நின்றது. அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்களும் சும்மா இருந்தவர்கள் இல்லை. கருப்பு வெள்ளைப் படத்தில் கையால் வண்ணம் ஏற்றுவார்கள். நெகட்டிவில் பென்சிலால் அம்மைத் தழும்பை மறைப்பார்கள். போய்ச் சேர்ந்த கணவரை, உயிரோடு இருக்கும் மனைவிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். ஃபோட்டோஷாப் என்ற பெயரே இல்லாத காலத்தில்!

மாமா அந்தக் காலத்தின் வால்முனையில் வந்து சேர்ந்தவர். 1990-களின் தொடக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடி. டார்க் ரூமில் தண்ணீர் பிடித்து வைப்பது, பிரிண்டைக் கயிற்றில் கிளிப் போட்டுக் காயவைப்பது, கூட்டுவது, டீ வாங்கி வருவது. முதலாளி நல்ல மனநிலையில் இருந்தால் நெகட்டிவில் டச்சிங் செய்யக் கற்றுக்கொடுப்பார். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் இருந்தது, 1960-ல் தொடங்கியது. அதன் 'இந்து' பிராண்டு பிலிமும் பேப்பரும் இந்தியா முழுக்கப் போனது. டிஜிட்டல் வந்து பிலிமை விழுங்கியபோது அந்த நிறுவனமும் தாக்குப்பிடிக்கவில்லை. எங்கள் கணக்கியல் புத்தகத்தில் தேய்மானத்துக்கான காரணங்களில் 'வழக்கொழிதல்' என்று ஒன்று வரும். இயந்திரம் நன்றாகத்தான் ஓடும், ஆனால் காலம் அதைத் தாண்டிப் போய்விட்டிருக்கும். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மாமாவின் பரணில் கிடக்கும் என்லார்ஜர் ஞாபகம் வரும்.

ஆனால் மாமா வழக்கொழிந்து போகவில்லை. காரணம் என்னவென்றால், கம்ப்யூட்டருக்குள் போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே டார்க் ரூம் இருந்தது. ஃபோட்டோஷாப்பை எழுதிய தாமஸ் நோல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். அவருடைய அப்பா வீட்டு அடித்தளத்தில் டார்க் ரூம் வைத்திருந்தார். தாமஸும் தம்பி ஜானும் அங்கே விளையாடி வளர்ந்தவர்கள். 1990-ல் ஃபோட்டோஷாப் முதல் பதிப்பு வந்தது. ஃபோட்டோஷாப்பில் 'டாட்ஜ்', 'பர்ன்' என்று இரண்டு கருவிகள் உண்டு. ஒன்றின் சின்னம் குச்சியில் செருகிய வட்டம், மற்றது குவித்துப் பிடித்த கை. என்லார்ஜர் வெளிச்சத்துக்குக் குறுக்கே குச்சியில் ஒட்டிய அட்டையைக் காட்டினால் அந்த இடம் வெளுக்கும். கையைக் குவித்து ஒரு இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் விட்டால் அது கருக்கும். மாமா அந்தச் சின்னங்களை முதன்முதலில் பார்த்துவிட்டு, "அட, இது நம்ம கை!" என்றாராம். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு மனப்பாடம் செய்ய வேண்டியதாக இருந்தது, எட்டாவதோடு நின்றுபோன அவருக்குத் தானாக விளங்கியது.

அப்புறம் கல்யாண ஆல்பம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் என்று இருபது வருஷம் ஓடிவிட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கல்யாணமே இல்லை, அப்புறம் எங்கே கல்யாண ஆல்பம்? நான் அப்போது ஒன்பதாவது. (அடுத்த வருஷம் மார்க்கே இல்லாமல் பத்தாவது ஆல்-பாஸ். அந்த பேட்ச்தான். சிரிக்காதீர்கள்.) ஸ்டுடியோ ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த மாமா, யாரோ விற்ற பழைய பென் டேப்லெட்டை வாங்கிவந்தார். யூடியூப் பார்த்துப் பார்த்து வரையத் தொடங்கினார். முதல் ஆறு மாதம் அவர் வரைந்த மனிதர்கள் எல்லோரும் எலுமிச்சம்பழத்துக்குக் கண் வைத்த மாதிரி இருந்தார்கள். அதற்கப்புறம் கை வழிக்கு வந்தது.

டீவியன்ட்ஆர்ட்டில் அவருக்குக் கணக்குத் திறந்து கொடுத்தது நான்தான். 2000-ல் தொடங்கிய இடம் அது, டிஜிட்டல் ஓவியர்களுக்கு ஊர்ச் சாவடி மாதிரி. மாமாவுக்கு ஆங்கிலம் வராது, எனக்கு வந்த ஆங்கிலத்தைப் பற்றி நான் சொல்லக்கூடாது. அவர் படத்தைக் கொடுப்பார், நான் தலைப்பு எழுதுவேன். பிரேசிலிலிருந்து ஒருவர், போலந்திலிருந்து ஒருவர் என்று பதில் எழுதுவார்கள். நான் மொழிபெயர்த்துச் சொல்வேன். "நெழலு விழுற திசை தப்புங்கறான் பாப்பா. சரியாத்தான் சொல்றான்." கல்யாண வீட்டில் இருபது வருஷம் "சூப்பர்ணே" என்று மட்டுமே கேட்டிருந்தவருக்கு, நிழலின் திசையைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் கிடைத்தது பெரிய விஷயமாக இருந்தது. அன்று ராத்திரியே திருத்தி வரைந்தார்.

அவர் போட்டதில் பெரும்பாலானவை கல்வராயன் மலைப் படங்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். (கேரளத்து மலையாளி இல்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில்.) 1976 வரை அந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அதற்கப்புறம்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. ஆனால் டி.வி.யில் கல்வராயன் என்று கேட்டால் அடுத்த வார்த்தை சாராய ஊறலாகத்தான் இருக்கும். மாமா அரசாங்க அட்டைகளுக்குப் படம் எடுக்க கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை, கரியாலூர் என்று பல தடவை ஏறி இறங்கியவர். "சாமை வெளையுது, தேன் எடுக்கறாங்க, கடுக்காய் பொறுக்கறாங்க, அருவி கொட்டுது. ஒருத்தனும் அதக் காட்டமாட்டேங்கறான்" என்று புலம்புவார். அந்தப் புலம்பல்தான் ஓவியமாக வந்தது. தானே எடுத்த போட்டோவை அடியில் வைத்துக்கொண்டு, மேலே வண்ணம் ஏற்றுவார். மேகம் அருவிக்கு மேலே இல்லாத நிலாவைக்கூட வைப்பார். அந்த நிலாப் படத்துக்குக் கிடைத்த பாராட்டு வேறு எதற்கும் கிடைக்கவில்லை.

இது டூப்பா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். நிலா இருந்தது என்று அவர் யாரிடமும் சத்தியம் செய்யவில்லை. சென்னையில் ஜி. வெங்கட்ராம் 2020 காலண்டருக்காக நடிகைகளை வைத்து ரவி வர்மா ஓவியங்களை போட்டோவாகத் திரும்ப எடுத்தாரே, அதைப் பார்த்து யாரும் ஏமாறவில்லை, ரசித்தார்கள். ஸ்டீவ் மெக்கரி விஷயம் வேறு. 2016-ல் அவருடைய படங்களில் ஆட்களும் பொருள்களும் அழிக்கப்பட்டிருந்தது வெளியே வந்ததும், நான் காட்சியால் கதை சொல்பவன் என்று விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கம் எனக்குச் செரிக்கவில்லை. செய்திப் படம் என்று நம்பிப் பார்த்தவனுக்கு அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

2022-ல் சாவடியில் சண்டை வந்தது. எழுத்தைக் கொடுத்தால் படம் கொடுக்கும் ஏ.ஐ. கருவிகள் அந்த வருஷம்தான் பரவின. நவம்பரில் டீவியன்ட்ஆர்ட்டே 'ட்ரீம்அப்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. எங்கள் படங்களை எங்களைக் கேட்காமல் இயந்திரப் பயிற்சிக்கு விடுவதா என்று ஓவியர்கள் கொதித்தார்கள். உடனே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. டிசம்பரில் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தில் பக்கம் பக்கமாக ஏ.ஐ. வேண்டாம் என்ற எதிர்ப்புப் படங்கள். அடுத்த வருஷம் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மன்காரர், ஏ.ஐ.யில் செய்த படத்துக்குக் கிடைத்த சோனி உலக போட்டோகிராபி விருதை, இது போட்டோ இல்லை என்று சொல்லி மறுத்தார். 2024-ல் மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் நேர்மாறாக, நிஜமான நாரைப் படம் ஒன்றை ஏ.ஐ. பிரிவுக்கு அனுப்பிப் பரிசும் வாங்கி, உண்மையைச் சொல்லி நீக்கவும்பட்டார் (தலையே இல்லாதது மாதிரி நிற்கும் ஃபிளமிங்கோ!). மாமா இதையெல்லாம் என் வாயால் கேட்டுவிட்டு, "பெரிய எடத்து சண்டை" என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு அது சொந்தச் சண்டையாக மாறியது 2024 ஜூனில்.

கள்ளக்குறிச்சி என்ற பெயரை நாடே கேட்ட மாதம் அது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலும் தினக்கூலிக்குப் போகிறவர்கள். (மலையைப் பற்றிய பேச்சு மறுபடியும் எழுந்தது. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது.) டி.வி. வண்டிகள் போன பிறகு எங்கள் தெருக்களில் என்ன நடந்தது என்று யாரும் எழுதவில்லை. அதில் ஒரு சின்ன விஷயம்: செத்தவர்களுக்கு மாலை போட படம் வேண்டும்.

உங்கள் போனில் உங்கள் படம் எத்தனை இருக்கும்? ஆயிரம்? நாற்பது வயது சுமைக்கூலிக்காரர் ஒருவருக்கு எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வாக்காளர் அடையாள அட்டையில் போட்டோ வந்தது சேஷன் காலத்தில், 1993-ல். ஆதார் வந்தது 2010-ல். இந்த ஊரிலும் மலையிலும் நிறையப் பேருக்கு வாழ்க்கையில் தனியாக எடுத்த படம் என்றால் அரசாங்கம் எடுத்ததுதான். அதுவும் கட்டைவிரல் நகம் அளவு, லேமினேஷனுக்குள் தண்ணீர் இறங்கி, மூக்கு எங்கே முடிகிறது என்று தெரியாமல். அந்த அட்டையைக் கொண்டுவந்து "இத பெருசு பண்ணிக் குடுங்கண்ணா" என்று நிற்பார்கள். அந்த வாரம் மாமா கடையில் நானும் இருந்தேன். ரசீது போடுவது என் வேலை. போடவில்லை. யாரிடமும் காசு வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வேலை குவிந்துவிட்டதால், மங்கலான முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலி ஒன்றில் ஒரு அட்டைப் படத்தைப் போட்டுப் பார்த்தார். பத்தே நொடி. இமை முடி தனித்தனியாக, கண்ணில் வெளிச்சப் புள்ளியோடு, தோல் பளபளவென்று ஒரு முகம் வந்தது. நான் "சூப்பர் மாமா" என்றேன். மாமா ஒன்றும் பேசாமல் அட்டையை ஒரு கையிலும், கண்ணாடியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேற ஆளு பாப்பா."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகு படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த வகைக் கருவிகள் முகத்தைத் துடைத்துத் தெளிவாக்குவதில்லை. அட்டையில் இல்லாத தகவலை எங்கிருந்து துடைக்க முடியும்? இந்த மங்கலுக்குப் பொருந்தக்கூடிய முகம் எப்படி இருக்கலாம் என்று ஊகித்து ஒரு முகத்தைச் செய்கின்றன. 2021-ல் வந்த ஜி.எஃப்.பி.கான் என்ற பிரபலமான மாதிரி, முகம் என்றால் என்ன என்பதை 70,000 படங்கள் கொண்ட ஒரு தொகுப்பிலிருந்து கற்றது. என்விடியா 2019-ல் வெளியிட்ட தொகுப்பு அது. அந்த 70,000 படங்களும் எங்கிருந்து வந்தன தெரியுமா? ஃப்ளிக்கரிலிருந்து. போட்டோகிராபர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள 2004-ல் தொடங்கிய அதே ஃப்ளிக்கர். அங்கே படம் போடும் வசதி யாருக்கு இருந்ததோ, அவர்கள் வீட்டு முகங்கள்தான் அதிகம் இருக்கும். தொகுப்பைச் செய்தவர்களே அந்தத் தளத்தின் சாய்வுகள் இதிலும் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். 2020-ல் டியூக் பல்கலைக்கழகத்தின் 'பல்ஸ்' என்ற கருவியில் ஒபாமாவின் மங்கலான படத்தைப் போட்டபோது ஒரு வெள்ளைக்காரர் வெளியே வந்தார். உலகமே பார்த்துச் சிரித்தது. ஒபாமா முகம் எல்லோருக்கும் தெரியும், அதனால் பிடிபட்டது. கருணாபுரத்தில் மூட்டை தூக்கியவரின் முகம் யாருக்குத் தெரியும்? அவர் வீட்டில் நாலு பேருக்கு. இன்னும் பத்து வருஷத்தில் அந்த நாலு பேரின் ஞாபகமும் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் போலவே மாறிவிடும். எனக்கு வயிற்றைப் பிசைந்தது அந்த இடத்தில்தான்.

மாமா பழைய வழிக்குப் போனார். முகத்தைக் கையால் வரைவது. ஆனால் வரைவதற்கு முன்னால் வீட்டு ஆட்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். மீசை நுனி இறங்குமா, நேரா நிக்குமா? சிரிச்சா எந்தப் பக்கம் குழி விழும்? புருவத்துல வெட்டு ஏதாச்சும்? மகனைத் திருப்பி உட்காரவைத்து அவன் காதைப் பார்ப்பார், காது அப்பனைக் கொண்டிருக்கும் என்பது அவர் நம்பிக்கை. அட்டைப் படம் அடியில் பூட்டிய லேயராகவே கடைசிவரை இருக்கும், அதைத் தொடமாட்டார். லேயர் என்பது ஃபோட்டோஷாப்பில் 1994-ல் வந்த வசதி. கண்ணாடித் தாள் போட்டு அதன்மேல் வரைகிற மாதிரி. எங்கள் பாடத்தில் சொன்னால், பேரேட்டில் தப்பாக எழுதியதை அழிக்கக்கூடாது, திருத்தப் பதிவுதான் போடவேண்டும். எதை யார் சேர்த்தார்கள் என்று பின்னால் ஆடிட்டர் பிரித்துப் பார்க்க முடியவேண்டும். மாமாவின் கோப்புகளை எந்த ஆடிட்டர் வேண்டுமானாலும் பார்க்கலாம். 'மனைவி சொன்னது', 'மகன் காது', 'நானா போட்டது' என்று லேயர்களுக்குப் பெயரே வைத்திருப்பார். 'நானா போட்டது' எப்போதும் மெலிசாக இருக்கும்.

நம்ம ஊர் மரச்சிற்ப வேலைக்காரர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். இவரும் அப்படித்தான். கண்ணில் வெளிச்சப் புள்ளியை வைப்பது வீட்டு ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான். ஒரு அம்மா, பெயர் வேண்டாம், புள்ளி விழுந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அந்தக் காலரு மட்டும் மாத்திருங்கண்ணா, அவரு மேல் பட்டன் போடமாட்டாரு" என்றார். மாமா பட்டனைக் கழற்றினார்.

என் தோழனுக்குச் சொல்லவேண்டிய பதில் அந்தப் பட்டனில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆதாரில் பட்டன் போட்டிருந்தது. அது போட்டோ, அது நிஜம். ஆனால் அவரைத் தெரிந்தவர்களுக்கு கேம்ப்காரர் சொல்லிப் போட்ட பட்டன் அது. இதில் எது டூப்பு?

அந்தப் படங்களில் ஒன்றையாவது டீவியன்ட்ஆர்ட்டில் போடலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். பக்கத்தில் பக்கமாக, அட்டைப் படம், வரைந்த படம். முன்-பின் படங்களுக்கு அங்கே நல்ல வரவேற்பு உண்டு. போலந்துக்காரர் நிழலையெல்லாம் பார்த்து என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆசை. மாமா வேலையிலேயே ஆகச் சிறந்தது அதுதான், எந்த நிலாவும் பக்கத்தில் நிற்காது. "அவங்க மாலை போடக் குடுத்தாங்க பாப்பா, மார்க் போடக் குடுக்கல" என்றார். விட்டுவிட்டேன். அவருடைய பக்கத்தில் இன்றைக்கும் மலையும் அருவியும்தான் இருக்கின்றன. போன வாரம் வெள்ளிமலைச் சாமைக் கதிர் ஒன்று ஏறியது, பிரேசில்காரர் இது என்ன தானியம் என்று கேட்டிருக்கிறார். சாமைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், மாமா தினமும் கேட்கிறார்.